பெற்றோரை மன்னிப்பது கடமையா?

பெற்றவருக்கும் வளர்ந்த பிள்ளைக்கும் இடையே பல்லாண்டுப் பிரிவு நேர்ந்து, பின்னர் இருவரும் ஒருவரையொருவர் நாடும் காலம் வருமாயின், அங்கே எழும் முதற் கேள்வி, மன்னிப்பது பிள்ளையின் கடமையா என்பதேயாகும். நம் ஜனங்கள் இதற்கு யோசனையின்றி விடை சொல்லிவிடுகின்றனர். பெற்றவர் தெய்வம், தெய்வத்தின்மேல் வழக்குத் தொடுப்பார் உண்டோ என்கின்றனர். தெய்வத்தையே காரணம் கேட்கத் துணிந்த நாம், இந்த விடையை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்பது முறையாகாது. அன்றியும், தவறு செய்த தகப்பன் எக்கேடு கெட்டால் நமக்கென்ன என்று கைகழுவி விடுவதும் பகுத்தறிவாகி விடாது.

1904-ஆம் ஆண்டில் ஈரோட்டில் நடந்ததை நோக்குவோம். பெரும் வணிகரும் வைணவப் பற்று மிக்கவருமான வெங்கட்ட நாயக்கர் கடிந்துகொண்டதன் பேரில், மணமாகியிருந்த அவர் மகன் இராமசாமி வீட்டை விட்டு வெளியேறிக் காசிக்குச் சென்றார். பிராமணருக்கே சோறு என்று சத்திரத்தில் தள்ளப்பட்டு, எச்சில் இலைச் சோற்றால் பசியாறும் நிலையையும் அங்கே அடைந்தார். பின்னர் அவர் ஏலூரில் இருப்பதை அறிந்த தந்தை, தாமே புறப்பட்டுப் போய் அழைத்து வந்தார். தம் வாணிபத்தை மகன் பெயருக்கு மாற்றிப் பொறுப்பையும் ஒப்படைத்தார். 1911-இல் தந்தை காலமானார். அந்த மகனே 1929 டிசம்பரில் மலாயாவுக்கு வந்து ஈப்போவிலும் பேசிய பெரியார். தந்தையோடு இணங்கி வாழ்ந்ததனால் அவருடைய கொள்கை மழுங்கிவிடவில்லை என்பதற்கு அவர் பின்னாளைய வாழ்வே சான்று. இங்கே முதலடி எடுத்து வைத்தவர் மூத்தவர் என்பதையும், அவர் அளித்தது புத்திமதியன்று, நம்பிக்கை என்பதையும் நாம் கவனிக்க வேண்டும்.

இதற்கு மாறானது காந்தியாருடைய குடும்பக் கதை. மூத்த மகன் ஹரிலால் தென்னாப்பிரிக்க சத்தியாக்கிரகத்தில் பலமுறை சிறை சென்றவர். மேற்படிப்பை விரும்பினார், அவ்வகைப் படிப்பில் தந்தைக்கு நம்பிக்கையில்லை. 1911-இல் மகன் பிரிந்து இந்தியா சென்றார். 1915-இல் தந்தைமீது தமக்கிருந்த குறைகளை நீண்ட கடிதமாக அச்சிட்டுப் பிறருக்கும் வழங்கினார். 1936-இல் அவர் இஸ்லாத்தைத் தழுவியபோது தந்தையும் பத்திரிகையிலே பகிரங்கமாக எழுதினார். 1948 ஜனவரியில் தந்தை சுடப்பட்டு மாண்டார். அவ்வாண்டு ஜூனில் மகனும் பம்பாயில் இறந்தார். ஒரு சாம்ராஜ்யத்தோடு பேசி வழி கண்டவருக்கும் சொந்த மகனோடு பேச வழி கிட்டவில்லை. தகப்பனும் மகனும் ஊரை நீதிபதியாக்கி எதிரெதிரே நின்றுவிட்டால், பின்வாங்குவது இருவருக்கும் மானக்கேடாகி விடுகிறது.

நிற்க, நம் பேராக் தோட்டங்களுக்கு வருவோம். ஜப்பானியர் ஆட்சியில் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டு மீளாத தகப்பன்மாரை அவர்தம் பிள்ளைகள் நோகவில்லை. அது அவர்கள் குற்றமன்று. ஆனால் சம்பளத்தைக் கள்ளுக்கடையிலே தொலைத்து, மனைவியை அடித்து, ஒருநாள் சொல்லாமற் போய்விட்ட தகப்பனின் பிள்ளை என்ன செய்வது? இதை எழுதும் கிராணியும் அத்தகைய பிள்ளைகளுள் ஒருவன். பதினெட்டு ஆண்டுகளுக்குப் பின், என் தந்தை ஈப்போவில் ஒரு வாடகை அறையில் நோயாளியாய்க் கிடப்பதாகச் செய்தி வந்தது. மாதம் ஒருமுறை போகிறேன். மருந்துக்கும் வாடகைக்கும் கொடுக்கிறேன். சென்ற மாதம் அவர், “உன் அம்மா கடைசியில் ரொம்பக் கஷ்டப்பட்டாளா, தம்பி?” என்று கேட்டார். “ஆமாம், அப்பா” என்றேன். பின்பு இருவரும் பேசவில்லை. அவரை அப்பா என்று நான் அழைத்தது அத்தனை ஆண்டுகளில் அதுவே முதன்முறை. அவர் கேட்டதை மன்னிப்புக் கோரியதாக நான் கொள்ளவில்லை. ஆயினும் நடந்ததை நடந்ததென்று ஒப்புக்கொள்ளாமல் அக்கேள்வியைக் கேட்டிருக்க முடியாது. அடுத்த மாதமும் போவதற்கு எனக்கு அது போதும்.

உறவினரோ, “காலில் விழுந்து கும்பிட்டு வீட்டுக்குக் கூட்டி வா” என்று வற்புறுத்துகின்றனர். அவர்கள் மூன்று வெவ்வேறு காரியங்களை ஒன்றாக்கிக் குழப்புகின்றனர். பசித்த முதியவருக்குச் சோறிடுவது ஒன்று. பழைய தீங்கை மன்னிப்பது மற்றொன்று. ஒரே கூரையின்கீழ் மீண்டும் வாழ்வது வேறொன்று. சிங்கப்பூரில் 1995-இல் இயற்றப்பட்ட பெற்றோர் பராமரிப்புச் சட்டம் இந்த வேற்றுமையை ஓரளவு உணர்ந்திருக்கிறது. தம்மைத் தாமே பராமரிக்க இயலாத அறுபது வயதினர் பிள்ளைகளிடம் ஜீவனாம்சம் கோரலாம். எனினும் பிள்ளையைக் கைவிட்டவராகவோ கொடுமை செய்தவராகவோ இருப்பின், தீர்ப்பாயம் அதைக் குறைக்கலாம், மறுக்கவும் செய்யலாம். 2023-ஆம் ஆண்டுத் திருத்தமோ, பிள்ளைக்குக் கொடுமை இழைத்ததாகப் பதிவுள்ள பெற்றோர் வழக்கிடுவதற்கே முன் அனுமதி பெறவேண்டும் என்கிறது. சட்டம் பணத்தைப் பற்றியே பேசுகிறது. அன்பை எந்தச் சட்டமும் கட்டளையிட்டுப் பெற்றதில்லை.

ஆகவே எமது அபிப்பிராயம் யாதெனில், நோயிலும் பசியிலும் உதவுவது மனிதத் தன்மை. அதற்குப் பெற்றவர் என்ற காரணங்கூட வேண்டுவதில்லை. மன்னிப்போ கடமையன்று, ஈகை. கேட்டுப் பெறலாம், உரிமையென்று பறிக்க இயலாது. தீங்கு செய்தவர் உண்மையை மறைக்காது ஒப்புக்கொள்வதே அதற்கு வாசல். வாசல் திறந்தபின் எவ்வளவு தூரம் உள்ளே செல்வது என்பதைத் தீர்மானிக்க வேண்டியவர் தீங்குற்றவரேயன்றி, திண்ணையில் இருந்து தீர்ப்புச் சொல்லும் உறவினர் அல்லர். பிள்ளைக்கு அந்தச் சுதந்திரத்தைக் கொடுத்தால், உறவு அதனால் அறுந்துபோகாது. மெய்யான உறவு வளர அதைத் தவிர வேறு இடமும் கிடையாது.