யாருக்காக இந்தக் கண்ணீர்?

ஒருவர் மௌத்தாகிவிடுகிறார். அவருடைய ஜனாஸாவில் உற்றார் உறவினரும், அண்டை அயலாரும், உடன் தொழில் செய்தோரும் கூடி நிற்பதில் வியப்பில்லை. ஆனால், முந்தின நாள் வரை அவருடைய பெயரைக்கூட அறிந்திராதவர்கள் ஆயிரக்கணக்கில் கூடித் தேம்பி அழுகிறார்களே, அது எப்படி? அவருக்கும் இவர்களுக்கும் இருந்த உறவெல்லாம், ஒரே கால்பந்துக் குழுவை இருவரும் நேசித்தார்கள் என்பது மட்டுந்தான். ஒரே நிறச் சட்டை, ஒரே கோஷம், ஒரே அரங்கின் படிக்கட்டு. இவ்வளவு மெல்லிய நூலில் இவ்வளவு கனத்த துக்கம் தொங்க முடியுமா?

இந்தக் கேள்விக்கு நம்மவர்களிடம் இரண்டு விதமான பதில்களைக் கேட்கிறோம். பந்தின் பின்னால் ஓடுகிறவர்களைப் பார்த்துக் கைதட்டப் போய் உயிரை விட்டவனுக்குத் துக்கம் என்ன வேண்டிக் கிடக்கிறது என்று கடிந்துகொள்வோர் ஒரு சாரார். ஆகா, இதுவல்லவோ ஒற்றுமை என்று மெய்சிலிர்ப்போர் மறு சாரார். இரண்டுமே அவசரத்தில் சொன்ன பதில்கள் என்றே நமக்குத் தோன்றுகிறது. சற்று நிதானமாக எடைபோட்டுப் பார்ப்போம்.

எடுத்துக்காட்டாக இந்தோனேஷியாவின் ஜாவாத் தீவைப் பாருங்கள். முஸ்லிம்கள் பெருந்தொகையாக வாழும் பூமி அது. நம்மில் பலரைப் போலவே ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றுகிற மக்கள். மௌத்தான வீட்டில் கூடி யாஸீனும் தஹ்லீலும் ஓதும் வழக்கமுள்ளவர்கள். அம்மக்களுக்குக் கால்பந்தாட்டத்தின் மீது அளவு கடந்த மோகம். மாலாங் நகரத்து அரேமா குழுவின் ரசிகர்களுக்கு அரேமானியா என்று பெயர். சுரபாயா நகரத்துப் பெர்ஸபாயா குழுவின் ரசிகர்களைப் போனெக் என்பார்கள். இவ்விரு சாராருக்கும் நெடுநாளையப் பகை. ஜகார்த்தாவின் பெர்ஸிஜா ரசிகர்களுக்கும் பாண்டுங் நகரத்துப் பெர்ஸிப் ரசிகர்களுக்கும் இடையேயும் அதே கதைதான். ஒரே கிப்லாவை நோக்கித் தொழுகிறவர்கள் சட்டையின் நிறத்தால் பிரிந்து நின்றார்கள்.

2022ஆம் ஆண்டு அக்டோபர் 1ஆம் தேதி இரவு, மாலாங்கை அடுத்த கஞ்சுருஹான் அரங்கில் அரேமாவும் பெர்ஸபாயாவும் மோதின. கலகத்திற்கு அஞ்சி அன்று பெர்ஸபாயாவின் ரசிகர்களை அரங்கிற்குள் அனுமதிக்கவே இல்லை. அரேமா 2க்கு 3 என்ற கணக்கில் தோற்றது. ஆட்டம் முடிந்ததும் ரசிகர்கள் பலர் மைதானத்திற்குள் இறங்கினர். காவல் துறையினர் கண்ணீர்ப் புகைக் குண்டுகளைச் சுட்டனர். பார்வையாளர்கள் அமர்ந்திருந்த பகுதிகளை நோக்கியும் சுட்டனர். மூச்சுத் திணறிய மக்கள் குறுகலான வாயில்களை நோக்கி ஓடினர். அந்த நெரிசலில் 135 பேர் மாண்டனர். பெற்றோருடன் ஆட்டம் பார்க்க வந்த சிறு பிள்ளைகளும் அவர்களில் அடக்கம். ஆடுகளத்தில் கண்ணீர்ப் புகையைப் பயன்படுத்துவதை உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் பாதுகாப்பு விதிகள் தடுத்திருக்கின்றன என்பதை உலகம் பிறகு பேசியது. பேசி என்ன பயன்? போன உயிர்கள் போய்விட்டன.

மாலாங் நகரம் அழுதது. அந்த அழுகையைக் குறை சொல்ல நமக்கு என்ன உரிமை இருக்கிறது? நாயகம் (ஸல்) அவர்களுடைய கைக்குழந்தை இப்ராஹீம் மரணப் படுக்கையில் கிடந்தபோது அவர்களுடைய கண்கள் நீர் சொரிந்தன. தாங்களுமா அழுகிறீர்கள் என்று அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள் கேட்டபோது, இது இறக்கத்தின் அடையாளம் என்று அண்ணலார் விளக்கினார்கள். கன்னத்தில் அறைந்துகொள்வதையும், சட்டையைக் கிழித்துக்கொள்வதையும், அறியாமைக் காலத்துக் கூச்சலையும்தான் தடுத்தார்கள். கண்ணீரைத் தடுக்கவில்லை.

அழுகிறவன் இரத்த உறவா, இல்லையா என்பதும் இங்கே ஒரு கேள்வியல்ல. வாராவாரம் ஒரே படிக்கட்டில் தோளோடு தோள் உரச நின்றவர்களுக்கு இடையே ஒரு நேசம் உண்டாகவே செய்யும். பக்கத்தில் நின்றவன் தன் தண்ணீரைப் பங்கிட்டிருப்பான். மழையில் குடையை நீட்டியிருப்பான். அடுத்த வாரம் அவன் நின்ற இடம் வெறுமையாகக் கிடந்தால் நெஞ்சு வலிக்காதா? அந்த வலியும் இல்லாதவனை அல்லவா நாம் நினைத்து அஞ்ச வேண்டும்! ஒரு யூதருடைய ஜனாஸா கடந்து சென்றபோது பெருமானார் (ஸல்) அவர்கள் எழுந்து நின்றார்கள் என்பதும், அது யூதருடையது என்று தோழர்கள் சொன்னதற்கு, அதுவும் ஓர் ஆன்மாதானே என்று கேட்டார்கள் என்பதும் நாம் அறிந்த செய்தி. அவர் எதை நேசித்தார், எங்கே வைத்து இறந்தார் என்று விசாரித்துவிட்டா எழுந்து நின்றார்கள்? ஆதலால், விளையாட்டுப் பார்க்கப் போனவனுக்குத் துக்கம் எதற்கு என்று கேட்கும் முதல் சாரார், தங்கள் நாவைச் சற்று அடக்கிக்கொள்வது நல்லது.

இனி இரண்டாம் சாராரிடம் வருவோம். துக்கம் மனிதர்களை ஒன்றுசேர்க்கும் என்பது உண்மை. ஆனால், எதற்காக ஒன்றுசேர்க்கிறது?

ஜாஹிலிய்யாக் காலத்து அரபிகளிடம் ஒரு நம்பிக்கை இருந்தது. கொலையுண்டவனுக்காகப் பழி தீர்க்கப்படாவிட்டால், அவனுடைய தலையிலிருந்து ஒரு பறவை புறப்பட்டு, எனக்குக் குடிக்கக் கொடுங்கள் என்று அவன் கப்ரைச் சுற்றிக் கூவிக்கொண்டே இருக்குமாம். எதிரியின் இரத்தம் சிந்தினால்தான் அதன் தாகம் தீருமாம். அதற்கு ஹாமா என்று பெயர். அன்றைய ஒப்பாரிகள் பெரும்பாலும் அந்தப் பறவையின் குரலாகவே இருந்தன. பெண்கள் மாரடித்துப் பாடப் பாட ஆண்கள் வாளைத் தீட்டினார்கள். ஓர் ஒட்டகத்தில் தொடங்கிய பஸூஸ் சண்டை நாற்பது ஆண்டுகள் நடந்ததாக வரலாற்றில் படிக்கிறோம். நாற்பது ஆண்டுகளும் அவர்கள் அழாமலா இருந்தார்கள்? அழுதார்கள். அந்த அழுகைதான் சண்டைக்கு எண்ணெய் வார்த்தது. அப்படி ஒரு ஹாமா இல்லவே இல்லை என்று ரஸூலுல்லாஹ் (ஸல்) அவர்கள் அறிவித்துவிட்டார்கள்.

அந்தப் பறவை அரபு மணலில் ஒழிந்தது. விளையாட்டு அரங்குகளின் வாசலில் இன்றும் அது கூவிக்கொண்டிருக்கிறதோ என்று நாம் ஐயுறுகிறோம். 2018ஆம் ஆண்டு செப்டம்பர் 23ஆம் தேதி, பாண்டுங் நகரத்து அரங்கின் வெளியே, ஜகார்த்தாவிலிருந்து தன் குழுவின் ஆட்டத்தைப் பார்க்க வந்த 23 வயது வாலிபர் ஒருவரைப் பாண்டுங் ரசிகர்கள் கூட்டமாகச் சேர்ந்து அடித்தே கொன்றார்கள். அவர் செய்த குற்றம் எதிர்க் குழுவை நேசித்ததுதான். கைதானவர்களில் பதினெட்டு வயது நிரம்பாத சிறுவர்களும் இருந்தார்கள். அந்தச் சிறுவர்களுக்கும் அவருக்கும் முன்பின் பழக்கம் உண்டா? சொத்துத் தகராறு உண்டா? ஒன்றுமில்லை. எங்கோ, எப்போதோ அடிபட்ட தங்கள் ஆட்களின் கதைகளைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் அவர்கள்.

அதற்கு முந்தைய ஆண்டு, 2017 ஜூலையில், அதே அரங்கில் நடந்ததைக் கேட்டால் உள்ளம் உறைந்துபோகும். பாண்டுங் குழுவின் ரசிகர் ஒருவரை, ஜகார்த்தாக் குழுவின் ஆள் என்று தவறாக எண்ணி, பாண்டுங் ரசிகர்களே அடித்து நொறுக்கினார்கள். சில நாட்கள் மருத்துவமனையில் கிடந்து அவர் உயிர் நீத்தார். சிந்தித்துப் பாருங்கள்! நம்மவன் யார், மாற்றான் யார் என்று அடிக்கிற கைக்கே தெரியவில்லை. ஏன் தெரியவில்லை? இருவரும் ஒரே முகத்தை உடையவர்கள், ஒரே மொழியைப் பேசுகிறவர்கள், ஒரே கலிமாவை மொழிகிறவர்கள். அவர் நம்மவர் என்று தெரிந்ததும் அடித்தவர்கள் பதறியிருப்பார்கள். உண்மையிலேயே மாற்றான் என்றால் பதற வேண்டியதில்லையா? இந்த ஒரு கேள்வியில்தான் நம் விஷயம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

ஒரு குழுவை நேசிப்பது பாவமா என்று இளைஞர்கள் கேட்கலாம். நேசம் வேறு, அஸபிய்யத் என்னும் குலவெறி வேறு. ஒரு படையெடுப்பின்போது முஹாஜிர்களில் ஒருவர் அன்ஸாரி ஒருவரை விளையாட்டாக உதைத்துவிட்டார். உடனே ஒருவர் அன்ஸாரிகளே என்றும், மற்றவர் முஹாஜிர்களே என்றும் தத்தம் கூட்டத்தைக் கூவி அழைத்தார்கள். அதைச் செவியுற்ற நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், அது துர்நாற்றம் வீசும் அறியாமைக் காலத்து அழைப்பு, அதை விட்டொழியுங்கள் என்று கண்டித்தார்கள். முஹாஜிர், அன்ஸார் என்பவை அல்லாஹ் தன் திருமறையிலேயே புகழ்ந்து சொன்ன பெயர்கள். அத்தகைய பெயர்களே, ஒருவனை அடிக்க ஆள் திரட்டும் கூவலாக மாறியபோது நாற்றமெடுத்துவிட்டன என்றால், ஒரு பந்தாட்டக் குழுவின் பெயர் எம்மாத்திரம்?

இப்போது மீண்டும் 2022க்குத் திரும்புவோம். கஞ்சுருஹானில் அன்றிரவு எதிர் ரசிகர்கள் ஒருவர்கூட இல்லை என்று சொன்னோம் அல்லவா? 135 உயிர்களுக்குப் பழி சுமத்த அங்கே எதிரி இல்லை. துக்கம் வழக்கமாக ஓடும் வாய்க்கால் அன்று அடைபட்டிருந்தது. அது வேறு வழியில் ஓடியது. பரம விரோதிகளென்று பெயரெடுத்த சுரபாயாவின் ரசிகர்கள் தங்கள் நகரத்தில் கூடி மாலாங்கின் மய்யித்துகளுக்காகத் துஆச் செய்தார்கள். அக்டோபர் 4ஆம் தேதி ஜோக்ஜகார்த்தா நகரத்து மண்டல கிரிடா அரங்கில், ஜோக்ஜகார்த்தா, ஸ்லேமான், ஸோலோ ஆகிய மூன்று ஊர்க் குழுக்களின் ரசிகர்கள் ஒன்றுகூடிப் பிரார்த்தித்தார்கள். அவர்களும் ஒருவரையொருவர் தாக்கிக்கொண்டவர்கள்தாம். அதே ஆண்டின் நடுவில்கூட அந்த வட்டாரத்து ரசிகர் மோதலால் உயிர்ப்பலி நேர்ந்திருந்தது. அவர்கள் அன்று சமாதானம் செய்துகொண்டார்கள். வேறோர் ஊரின் பிள்ளைகளுக்காக அழக் கூடியபோது, தங்கள் வீதிகளில் தாங்களே வீழ்த்திய பிள்ளைகள் அவர்களுடைய கண்ணுக்குத் தெரிந்தார்கள் போலும்!

இதுதான் கண்ணீருக்கு வைக்கும் உரைகல் என்று நாம் கருதுகிறோம். ஒரு துக்கம் தன் கூட்டத்தின் எல்லைச் சுவரோடு நின்றுவிட்டால், அது இன்னொரு ஜனாஸாவுக்கு ஆயத்தம் செய்கிறது. சுவரைத் தாண்டி மாற்றான் வீட்டு வாசலுக்கும் அது போய்ச் சேர்ந்தால், அது இறக்கமாகிறது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் அவசியம். பழிவாங்காதே என்று சொல்வது, நீதி கேட்காதே என்று சொல்வதாகாது. கஞ்சுருஹான் வழக்கில் 2023 மார்ச்சில் சுரபாயா நீதிமன்றம் காவல் அதிகாரிகள் இருவரை விடுதலை செய்தது. குடும்பத்தார் கொதித்தார்கள். அதே ஆண்டில் உச்ச நீதிமன்றம் அந்த விடுதலையை ரத்துச் செய்து அவ்விருவருக்கும் சிறைத் தண்டனை விதித்தது. பிள்ளையைப் பறிகொடுத்த தாய், யார் குண்டைச் சுட்டார், யார் சுடச் சொன்னார், கதவு ஏன் திறந்திருக்கவில்லை என்று கேட்பது அவளுடைய உரிமை. பொறுமையின் பெயரால் அவள் வாயை மூடுவது மார்க்கமாகாது. நீதி, செய்தவனைத் தேடுகிறது. குலவெறியோ, செய்தவனுடைய சட்டையைப் போன்ற சட்டை அணிந்த எவனையும் தேடுகிறது. இவ்விரண்டையும் ஒன்றெனக் குழப்பிக்கொள்ளலாகாது.

இறந்த தோழனுக்கு உண்மையில் ஏதாவது செய்ய விரும்புகிற ரசிகனுக்கு வேலைகள் ஏராளம். முஃதா போரில் ஜஃபர் (ரலி) அவர்கள் ஷஹீதான செய்தி வந்ததும், அவர்களுடைய குடும்பத்தாருக்கு உணவு சமைத்துக் கொடுக்கும்படி நாயகம் (ஸல்) அவர்கள் ஏவினார்கள். துக்கத்தின் முதல் வேலை அந்த வீட்டு அடுப்பைக் கவனிப்பதுதான். அடுத்து, அவன் பட்ட கடன் என்ன, அவன் பிள்ளைகளின் படிப்புக்கு யார் பொறுப்பு, அவன் தாய்க்கு மருந்து வாங்கித் தருவது யார் என்று விசாரிக்க வேண்டும். அவனுக்காகப் பாவமன்னிப்புத் தேட வேண்டும். அரங்கில் அவன் பெயரைச் சொல்லிக் கோஷமிட்டால் அது அவனுக்குப் போய்ச் சேராது. அவன் கடனை அடைத்தால் அது சேரும்.

பெற்றோர்களே! இந்த விஷயம் அரங்கில் தொடங்குவதில்லை. நம் வீட்டுக் கூடத்தில் தொடங்குகிறது. ஆட்டம் பார்க்கும்போது எதிர்க் குழுவின் ஆட்டக்காரன் காலொடிந்து விழுந்தால், நம் பிள்ளை என்ன சொல்கிறான் என்று கவனியுங்கள். நன்றாக வேண்டும் என்று சொன்னால், சிரித்துவிட்டுப் போய்விடாதீர்கள். அவனுக்கும் ஒரு தாய் இருக்கிறாள் என்று அப்போதே சொல்லிக் கொடுங்கள். பாண்டுங்கில் கைதான சிறுவர்களுக்கு அதை யாரேனும் ஒருவர் உரிய நேரத்தில் சொல்லியிருந்தால், இரண்டு வீடுகள் பிழைத்திருக்குமே! இறந்தவனின் வீடு ஒன்று, கொன்றவனின் வீடு மற்றொன்று.

தன்னுடைய ஆளை இழந்த நெஞ்சுக்கு மாற்றானுக்காக அழுவது எளிதன்று. மாலாங்கின் துயரத்தில் சுரபாயா அழுதது; அடுத்த ஆட்டத்தின் கோபத்திலும் அந்தக் கண்ணீர் நினைவிருக்குமா என்பதுதான் சோதனை. அந்தச் சோதனை அவர்களுக்கு மட்டுமன்று, தெருவாலும் ஜமாஅத்தாலும் கட்சியாலும் பிரிந்து நிற்கும் நமக்கும் உண்டு.

வல்ல அல்லாஹ் மாண்டவர்களின் பிழைகளைப் பொறுப்பானாக! அவர்களுடைய பெற்றோருக்கு அழகிய பொறுமையையும் நீதியையும் அருள்வானாக! நம் கண்ணீரை நம் கூட்டத்தோடு நின்றுவிடாமல் காப்பானாக! ஆமீன்.