நோயாளியின் தலைமாட்டில் பத்ரின் நன்மை

அல்ஹம்துலில்லாஹ், வஸ்ஸலாத்து வஸ்ஸலாமு அலா ரஸூலில்லாஹ். அம்மா பஃத்.



பத்ரில் கலந்துகொண்ட ஸஹாபாக்களின் சிறப்பு நமக்குத் தெரியும். அந்தக் களத்தில் உஸ்மான் (ரலி) அவர்கள் இல்லை. நபி (ஸல்) அவர்களின் மகளார் ருகைய்யா (ரலி) நோயுற்றுப் படுத்திருந்தார்கள். மனைவியைக் கவனித்துக்கொள்ள உஸ்மான் (ரலி) மதீனாவில் தங்கினார்கள். பத்ரில் கலந்துகொண்டவருக்குரிய நற்கூலியும் கனீமத்தில் பங்கும் அவர்களுக்கு உண்டு என்று நபியவர்கள் அறிவித்தார்கள். புகாரியில் இது பதிவாகியிருக்கிறது. ருகைய்யா (ரலி) அவர்கள் குணமடையவில்லை. அந்த நோயிலேயே வஃபாத்தானார்கள். அதனால் பணிவிடை செய்தவரின் கூலி குறைந்துவிடவில்லை.

இன்னொரு செய்தியும் புகாரியில் வருகிறது. ஸயீத் பின் ஸைத் (ரலி) நோயுற்ற தகவல் ஒரு வெள்ளிக்கிழமை இப்னு உமர் (ரலி) அவர்களுக்குக் கிடைத்தது. ஜும்ஆ நேரம் நெருங்கியிருந்தது. இருந்தும் வாகனத்தில் ஏறி அவரிடம் போனார்கள். அன்றைய ஜும்ஆவை விட்டார்கள். கவனிக்க வேறு ஆளில்லாத நோயாளியை விட்டு வர முடியாதவருக்கு ஜும்ஆவை விட அனுமதி உண்டு என்று ஃபிக்ஹு நூல்களும் சொல்கின்றன.

இதை ஏன் இப்போது சொல்கிறேன்? காவிரிக் கரையில் பனி இறங்கிவிட்டது. பாலக்கரையிலும் தென்னூரிலும் உறையூரிலும் இரவெல்லாம் இருமல் சத்தம் கேட்கிற வீடுகள் உண்டு. ஆஸ்துமா, பீடி சிகரெட்டால் வந்த நுரையீரல் அடைப்பு, காசநோய். கவனிப்பது யார்? பெரும்பாலும் ஒரே ஒரு பெண். பகலில் அடுப்படி, இரவில் நெபுலைசர். நாம் முதல் ஸஃப்பில் நிற்கிறோம். இரவு இரண்டு மணிக்கு அத்தாவை நிமிர்த்தி உட்கார வைப்பது அந்த மருமகள்தான். சொந்த மகன் பக்கத்து அறையில் தூங்குகிறார்.

இந்தப் பணிவிடையைக் கற்றுக்கொள்ளுங்கள், கஷ்டமில்லை. மூச்சுத் திணறுகிறவரை மல்லாக்கப் படுக்க வைக்காதீர்கள். முதுகுக்குத் தலையணை அடுக்கி உட்கார வையுங்கள். முன்னால் ஸ்டூல் போட்டு, அதில் கையை ஊன்றிச் சாயட்டும். ஸ்டீராய்டு இன்ஹேலர் என்றால் எடுத்த பிறகு வாய் கொப்பளிக்க வையுங்கள், இல்லாவிட்டால் வாயில் வெள்ளை படியும். உணவைக் கொஞ்சம் கொஞ்சமாக, உட்கார்ந்த நிலையிலேயே கொடுங்கள். ஆக்சிஜன் அளவை நாமாகக் கூட்டக் கூடாது. நுரையீரல் அடைப்பு உள்ளவருக்கு அது மிஞ்சினாலும் ஆபத்து. உதடு நீலம் பாரித்தாலோ, ஒரு வாக்கியத்தை முழுசாகப் பேச முடியாமல் போனாலோ, அரைமயக்கமாக இருந்தாலோ உடனே 108.

சாம்பிராணியைப் பற்றியும் சொல்ல வேண்டும். வியாழன் மஃக்ரிப் ஆனால் வீடெல்லாம் புகை போடுகிறோம். நறுமணம் நல்லதுதான். ஆனால் ஆஸ்துமாக்காரர் இருக்கும் வீட்டில் அது அவருக்குத் தொல்லை; ஆக்சிஜன் ஓடுகிற அறையில் நெருப்பே கூடாது.

தொழுகையிலும் நோயாளியை நெருக்காதீர்கள். நிற்க முடியாவிட்டால் உட்கார்ந்தும், அதற்கும் முடியாவிட்டால் ஒருக்களித்துப் படுத்தும் தொழலாம் என்று இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு நபியவர்கள் வழிகாட்டினார்கள். தண்ணீர் பட்டால் நோய் கூடுமென்றால் தயம்மும் இருக்கிறது.

காசநோயை மட்டும் நம் வீடுகளில் ஒளித்து வைக்கிறோம். பெண் கேட்டு வருபவர்களுக்குத் தெரிந்துவிடுமாம்! 1956-ல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையத்தில் ஏழை நோயாளிகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு நெருக்கடியான தங்கள் வீடுகளிலேயும், மற்றதற்கு சானடோரியத்திலும் ஓராண்டு மருந்து கொடுத்தார்கள். 1959-ல் முடிவு வந்தது. வீட்டிலிருந்தவர்களும் ஏறத்தாழ அதே அளவு குணமானார்கள். அவர்கள் வீட்டாருக்கு நோய் கூடுதலாகத் தொற்றவுமில்லை. உலகமே அதன் பிறகு வீட்டுச் சிகிச்சைக்கு மாறியது. ஜன்னலைத் திறந்து வையுங்கள், இருமும்போது வாயை மூடச் சொல்லுங்கள், மாத்திரையை ஒருநாளும் விடவிடாதீர்கள். சாதாரண காசநோய்க்கு ஆறு மாதம் போதும். புத்தூர் பெரியாஸ்பத்திரியிலும் ஸ்ரீரங்கம் அரசு மருத்துவமனையிலும் போய்க் கேளுங்கள். அரசுத் திட்டத்தில் மருந்து இலவசம். சத்துணவுக்கு மாதம் 1000 ரூபாயும் உண்டு. 2024 நவம்பருக்கு முன் அது 500 ஆக இருந்தது.

ஸ்ரீரங்கம் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் கடை வைத்திருப்பவர்களும் ஆட்டோ ஓட்டுபவர்களும் இங்கே இருக்கிறீர்கள். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, வயதான தம்பதி தனியாக வாழும் வீடுகளை நீங்கள் அங்கே பார்த்திருப்பீர்கள். தமக்குப் பணி செய்த யூதச் சிறுவன் நோயுற்றபோது நபியவர்கள் அவன் வீட்டுக்கே போய் விசாரித்தார்கள். அந்தப் பெரியவருக்கு மூச்சு வாங்கினால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக மதம் பார்க்க வேண்டியதில்லை.

தொழுகை முடிந்ததும் மதரஸா அறையில் ஒரு நோட்டு இருக்கும். யார் வீட்டு நோயாளிக்கு இரவில் ஆள் தேவை, யார் வாரத்தில் ஒரு இரவு தரமுடியும் என்று எழுதிவிட்டுப் போங்கள். நோயாளிப் பெண்களுக்குப் பெண்களே போவார்கள். அவர்கள் பெயரை வீட்டில் கேட்டு வந்து எழுதுங்கள். ஆனால் சொந்தத் தாய் தகப்பனைப் படுக்கையில் வைத்திருப்பவர் நோட்டைத் தேட வேண்டாம். இன்றிரவே வீட்டுக்காரம்மாவைத் தூங்கச் சொல்லிவிட்டு, அவர் அந்தக் கட்டிலருகே உட்காரட்டும்.

பாரகல்லாஹு லனா வலகும்.