பட்டியலில் இல்லாத பெயர்

கணினியில் ஒருவருடைய பெயரும் எண்ணும் இருக்கின்றன, கைப்பேசியில் இல்லை. இரண்டையும் சிங்க் செய்யும் மென்பொருள் என்ன செய்ய வேண்டும்? கணினியில் புதிதாகச் சேர்த்த பெயர் என்றால் அதைக் கைப்பேசிக்கு அனுப்ப வேண்டும். கைப்பேசியில் அழித்த பெயர் என்றால் கணினியிலிருந்தும் நீக்க வேண்டும். இரு நிலையிலும் தெரிவது ஒன்றுதான்: கைப்பேசியில் அந்தப் பெயர் இல்லை. செய்ய வேண்டியவையோ நேரெதிர்.

தருக்க நூல்கள் இந்த இரண்டு இன்மைகளுக்கும் வெவ்வேறு பெயர் வைத்திருக்கின்றன. வைசேடிக மரபின் முதல்வரான கணாதரின் ஆறு பதார்த்தங்களோடு (பொருள் வகைகளோடு) பிற்கால வைசேடிகர் அபாவத்தை, அதாவது இன்மையை, ஏழாவதாகச் சேர்த்து, அதை நான்காகப் பகுத்தனர். குடத்தை வனைவதற்கு முன் அது இல்லாதிருப்பது முன்னபாவம். உடைந்தபின் இல்லாதிருப்பது அழிவுபாட்டபாவம். முன்னதற்குத் தொடக்கம் கிடையாது, முடிவு உண்டு. பின்னதற்குத் தொடக்கம் உண்டு, முடிவு கிடையாது. மற்ற இரண்டுக்கும் இங்கே வேலையில்லை.

இன்மை என்று தனியாக ஒரு பொருள் உண்டா என்பதில் மரபுகள் ஒத்துப்போகவில்லை. மீமாம்சகரான பிரபாகரர் அப்படியொன்று இல்லை என்றார். தரையில் குடம் இல்லை என்றால் அங்கே இருப்பது வெறும் தரைதான். தரையைக் காணும் கண்ணே குடத்தின் இன்மையையும் காண்கிறது என்பது நியாய மரபினரான நையாயிகரின் கட்சி. குமாரில பட்டர் இரண்டையும் ஏற்காமல், இன்மையை அறிய அனுபலப்தி என்ற தனி அளவை வேண்டும் என்றார். அவர் காட்டும் நிகழ்ச்சி நுட்பமானது. காலையில் ஓரிடத்தில் இருந்துவிட்டு வந்தவரிடம், அங்கே இன்னார் இருந்தாரா என்று பிறகு கேட்கிறார்கள். அவர் நினைத்துப் பார்த்து, இல்லை என்கிறார். அந்த இடம் இப்போது கண்முன் இல்லை. அங்கிருந்தபோது அந்த ஆளைப் பற்றிய எண்ணமே அவருக்கு எழவில்லை. ஆகவே இந்த அறிவு கண் தந்ததாக இருக்க முடியாது.

இரு பட்டியல்களை மட்டும் ஒப்பிடும் எளிய மென்பொருளுக்குத் தெரிவது வெறும் தரைதான். சேர்ப்பதை மட்டும் அது ஒழுங்காகச் செய்யும். அழித்த பெயர் ஒவ்வொரு முறையும் திரும்பி வந்துகொண்டே இருக்கும். அதனால் கடைசியாக இரு பக்கமும் ஒத்திருந்தபோது என்னென்ன இருந்தன என்ற மூன்றாவது பட்டியலையும் பல மென்பொருள்கள் வைத்துக்கொள்கின்றன. இது குமாரிலர் சொன்ன நினைவுதான். இன்னொரு வழி, அழித்ததைச் சர்வரே குறித்துவைப்பது. நாள்காட்டிக்கான கால்டாவ் நெறிமுறை 2007இலும், தொடர்புகளுக்கான கார்டாவ் 2011இலும் வெளிவந்தன. மாற்றங்களை மட்டும் கேட்டு வாங்கும் முறையை 2012இல் ஆர்எஃப்சி 6578 என்ற நெறிமுறை ஆவணம் வகுத்தது. அதன்படி, அழிந்த பதிவைப் பற்றிச் சர்வர் சொல்வது சர்வரில் அது இருந்த முகவரியும், ‘இங்கே இல்லை’ என்று பொருள்படும் 404 என்ற எண்ணும் மட்டுமே. ஆளின் பெயர்கூட வராது. எந்த இன்மையும் ஏதோ ஒன்றின் இன்மையே. அந்த ஒன்றாகிய பிரதியோகியை அறியாமல் இன்மையை அறிய முடியாது என்பது நியாய நூல்களின் விதி. இங்கே பிரதியோகியாக நிற்பது அந்த முகவரி.

இதனால் நையாயிகர் வென்றார் என்று சொல்லிவிட முடியாது. அந்த 404 வரியே ஒரு பொருள்தானே, அது எப்படி இன்மையாகும் என்று பிரபாகரர் தரப்பு கேட்கலாம். அந்தக் கேள்வி வலுவானது. இன்மையை அறிய உள்பொருள் ஒன்றின் துணை வேண்டும் என்பது வரைதான் இதிலிருந்து தேறும்.

காணாததெல்லாம் இல்லாததாகிவிடாது என்பதிலும் மரபு கவனமாக இருக்கிறது. இருந்திருந்தால் கண்டிருப்போம் என்று சொல்லத்தக்க இடத்தில்தான் காணாமை சான்றாகும். இருட்டறையில் குடம் தென்படாதது எதையும் காட்டாது. சர்வர் பிழையால் காலிப் பட்டியல் வரும்போது, எல்லாம் அழிந்தது என்று கொள்ளும் மென்பொருள் மறுபக்கத்தையும் துடைத்துவிடும். விடிர்சிங்கர் என்ற கட்டற்ற மென்பொருள், ஒரு பக்கம் முழுக்கக் காலியாகியிருந்தால் மேற்கொண்டு போகாமல் நின்றுவிடுகிறது. பயனர் வெளிப்படையாக ஆணையிட்டால்தான் அழிக்கும்.

அழிவுபாட்டபாவத்துக்கு முடிவில்லை என்பது தருக்கத்தில் சரி. சர்வரோ அழிவுக் குறிப்புகளை எந்நாளும் சேர்த்துவைக்கக் கடமைப்பட்டதல்ல. கடைசியாக எதுவரை வாங்கியது என்பதைக் காட்ட ஒவ்வொரு கருவிக்கும் சர்வர் ஓர் அடையாளச் சீட்டைத் தருகிறது; மிகப் பழைய சீட்டோடு வரும் கருவியை அது மறுத்துவிடலாம். கூகுள் நாள்காட்டி அப்போது 410 என்று பதில் தந்து, இருப்பதைக் காலி செய்துவிட்டு முழுப் பட்டியலையும் மறுபடி வாங்கச் சொல்கிறது. நெடுநாள் அணைந்துகிடந்த கைப்பேசி அப்படிச் செய்யாமல் தன் பட்டியலைச் சர்வரோடு கலந்தால், எப்போதோ அழித்தவை புதியவையாக மீண்டு எழும். காலி செய்வதிலும் ஆபத்து உண்டு: அந்தக் கைப்பேசியில் மட்டும் சேர்த்திருந்த உண்மையான புதுப் பதிவுகளும் போய்விடும். சர்வரின் முகவரியை அவை இன்னும் பெற்றிருக்கமாட்டா. அந்த வேறுபாட்டைக் கொண்டு அவற்றைப் பிரித்து முதலில் அனுப்பிவிட்டு, மற்றவற்றை மட்டும் நீக்க வேண்டும்.