ஊருக்கு ஊர் என்றால் சேரி எங்கே?

ஆன்லைன் படிப்பில் ஊருக்கு ஊர் விருப்பம் மாறுகிறது என்கிறார்கள். பெருநகரப் பிள்ளைக்கு லேப்டாப்பும் நேரலை வகுப்பும் பிடிக்குமாம். சின்ன ஊர்ப் பிள்ளைக்குச் செல்போனும் பதிவு வீடியோவும் போதுமாம். இட்லியா பொங்கலா என்பதுபோல இதையும் ருசி விஷயமாக்கிவிட்டார்கள்.

எனக்கு இதில் இரண்டு சொற்கள் உறுத்துகின்றன. ஒன்று ஊர், இன்னொன்று விருப்பம்.

தமிழில் ஊர் என்ற சொல்லுக்குள் சேரி கிடையாது. ஊர்க்கிணறு, ஊர்ச்சுடுகாடு என்று சொல்லும்போதே நம்மை வெளியே நிறுத்தியாச்சு. நகரமும் அப்படித்தான். சென்னை என்கிறீர்களே, எந்தச் சென்னை? அடையாறும் சென்னைதான். ஆற்றங்கரைக் குடிசைகளைப் பிய்த்தெறிந்து, மக்களைக் கொண்டுபோய்க் கொட்டிய கண்ணகி நகரும் பெரும்பாக்கமும் சென்னைதான். எல்லாவற்றையும் கூட்டிச் சராசரி போட்டால் வருகிற 'சென்னையின் விருப்பம்' யாருடையது?

அடுத்தது விருப்பம். நாங்கள் நடத்தும் மாலை வகுப்பில் புள்ளைங்களிடம் கேட்டேன். பதிவு வீடியோதான் வேணும்னாங்க. ஏன்டா? "போன் அப்பாகூட வேலைக்குப் போயிடும்ணே, ராத்திரிதான் வரும்." அப்பனின் வேலைநேரம் இங்கே பிள்ளையின் விருப்பமாகப் பதிவாகிறது. வேறு வழியே இல்லாதவன் எடுத்துக்கொண்டதைத் தெரிவு என்று சொல்வது அறமா? செத்த மாட்டைத் தூக்குவதும் பறையடிப்பதும் அவன் விரும்பிச் செய்கிற தொழில் என்று நம் பாட்டனைப் பற்றிச் சொன்ன வாய்தானே இது?

2017-18 தேசியப் புள்ளியியல் அலுவலகக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் கணினி இருந்த வீடுகள் நகர்ப்புறத்தில் 23.4 விழுக்காடு, கிராமப்புறத்தில் 4.4. இது இடத்துக்கு இடம் உள்ள வேறுபாடு. கிராமத்துக்குள்ளேயே என்ன நிலை? கொரோனாவில் பள்ளிகள் மூடிக்கிடந்தபோது, ழான் திரேஸ் உள்ளிட்டோர் 15 மாநில, ஒன்றியப் பகுதிகளில் எடுத்த ஆய்வு 2021-இல் வந்தது. கிராமப்புறத் தலித், பழங்குடிப் பிள்ளைகளில் ஒழுங்காக ஆன்லைனில் படித்தவர்கள் 4 விழுக்காடு. மற்றப் பிள்ளைகளில் 15. நகரம், கிராமம் என்று மட்டும் பிரித்துப் பார்க்கிறவன் கண்ணுக்கு இந்தக் கோடு தெரியாது.

திரையில் சாதியில்லையே, தனி பெஞ்ச் இல்லையே என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். பள்ளியில் கோணிச்சாக்கில் தனியாக உட்காரவைக்கப்பட்ட அம்பேத்கரின் வழிவந்தவர்கள் இந்தக் கேள்வியைத் தள்ளிவிட முடியாது. எங்கள் வகுப்புப் பெண் ஒருத்தி சொன்னாள்: "வீடியோ வாத்தியாரு, எஸ்.சி. புள்ளைங்கெல்லாம் எந்திரிங்கன்னு சொல்லமாட்டாருண்ணே." உதவித்தொகைப் படிவம் வரும்போதெல்லாம் அவள் எழுந்து நின்றவள். அவளுக்குத் திரைமேல் ஆசை என்று எழுதினால் அது பொய். அவள் வகுப்பறையை வெறுக்கவில்லை. அங்கே நடக்கும் அவமானத்தை மறுக்கிறாள். அதை விருப்பக் கணக்கில் சேர்த்துவிட்டால், அந்த வாத்தியார் திருந்தவேண்டிய தேவையே இல்லாமல் போகிறது.

விருப்பம் என்று எழுதியது நாளைக்குத் திட்டமாக வரும். "அவங்களுக்குச் செல்போனே போதும், ஆசிரியர் எதற்கு, நூலகம் எதற்கு" என்பான். எனவே நம் பிள்ளைகளிடம் எது பிடிக்கும் என்று கேட்க வருகிறவர்களிடம் நாம் திருப்பிக் கேட்போம்: மரியாதையான வகுப்பறை, தனிக் கணினி, உட்கார்ந்து படிக்க ஓர் அறை, இவற்றில் எதைக் கொடுத்துவிட்டுக் கேட்கிறாய்?