முதலில் யார் பிள்ளை?

பெற்ற மனம் பித்து என்பது பழமொழி. அந்தப் பித்துக்கு அரண்மனை என்றும் குடிசை என்றும் வேற்றுமை இல்லை. குழந்தையின் உடம்பு சுட்டால் இரண்டு இடத்திலும் தாய் கண் மூடுவதில்லை. ஆனால், குடிசையில் இருப்பவள் தெய்வத்துக்கு நேர்ந்துகொள்வாள். அரண்மனையில் இருப்பவள் ஆணையும் பெற முடியும். அன்போடு அதிகாரமும் சேர்ந்துவிட்டால், அந்த அன்பு எதுவரை போகலாம்? இங்கிலாந்தின் அரச குடும்பத்தில் முந்நூறு ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒரு நிகழ்ச்சி இந்தக் கேள்வியை எழுப்புகிறது.

வேல்ஸ் இளவரசி கரோலின் மன்னர் முதலாம் ஜார்ஜின் மருமகள். 1717-இல் மன்னருக்கும் அவர் மகனுக்கும் மூண்ட சண்டையில், பேரக் குழந்தைகளை மன்னர் தம் பொறுப்பிலேயே வைத்துக்கொண்டார். மறு ஆண்டே கரோலினின் கைக்குழந்தை இறந்தது. 1720-இல் மூத்த மகள் ஆன் பெரியம்மையில் விழுந்தாள். பிழைத்தாள், ஆனால் தழும்புகள் தங்கிவிட்டன. அடுத்த இரண்டு பெண்களையாவது அந்த நோயிலிருந்து காக்க வேண்டுமே என்று தாய் துடித்ததில் வியப்பு என்ன?

வழி ஒன்று இருந்தது. அம்மை கண்டவரின் கொப்புளத்திலிருந்து சீழை எடுத்து, நோயில்லாதவரின் தோலைக் கீறி இடுவார்கள். அம்மை லேசாக வந்து போகும், பிறகு வராது. துருக்கியில் வழங்கிய இந்த முறையை, அங்கே தூதராக இருந்தவரின் மனைவி மேரி மாண்டேகு கண்டறிந்து வந்தாள். அவள் தம்பியை அம்மை கொண்டுபோயிருந்தது. அவளுடைய அழகையும் அது குலைத்திருந்தது. 1718-இல் கான்ஸ்டாண்டிநோபிளில் தன் மகனுக்கும், 1721-இல் லண்டனில் மருத்துவர்கள் பார்த்திருக்கத் தன் சின்ன மகளுக்கும் அவள் அம்மை குத்தச் செய்தாள்.

கரோலினுக்கு அது போதவில்லை. அரச குழந்தைகளின் உடம்பல்லவா? 1721 ஆகஸ்டில், நியூகேட் சிறையில் தூக்குத் தண்டனை பெற்றிருந்த மூன்று ஆண்களுக்கும் மூன்று பெண்களுக்கும் முதலில் குத்தினார்கள். உடன்பட்டால் விடுதலை என்பது பேச்சு. ஆறு பேரும் பிழைத்து, வெளியே வந்தார்கள். அவர்களில் பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தியை அம்மை நோயாளிகளுக்குப் பணிவிடை செய்ய அனுப்பிப் பார்த்தார்கள். அவளுக்கு நோய் தொற்றவில்லை. அப்போதும் ஐயம் தீரவில்லை. பெரியவர்களுக்குச் சரி, குழந்தைகளுக்கு? செயின்ட் ஜேம்ஸ் வட்டாரத்து அநாதைக் குழந்தைகள் சிலருக்குக் குத்திப் பார்த்தார்கள். அவர்களும் நலமாக எழுந்த பிறகுதான், 1722 ஏப்ரலில், அமீலியா, கரோலின் என்னும் இரண்டு இளவரசிகளின் கைகளில் கத்தி பட்டது. ஒருத்திக்குப் பத்து வயது, மற்றவளுக்கு எட்டு.

இந்தத் தாயை நாம் பழிக்கலாமா? கைதிகளைப் பொறுத்தவரை எனக்குத் தயக்கம் குறைவு. கயிற்றுக்கும் கத்திக்கும் நடுவே நிற்பவனின் சம்மதம் முழுச் சம்மதம் ஆகாதுதான். ஆனால் அவன் இழக்கவிருந்த உயிரையே அது திருப்பித் தந்தது. அநாதைகளின் கதை வேறு. அவர்கள் எந்தக் குற்றமும் செய்யவில்லை. அவர்களுக்காக 'வேண்டாம்' என்று சொல்லத் தாயும் இல்லை, தந்தையும் இல்லை. அவர்களுக்கும் அம்மையிலிருந்து பாதுகாப்புக் கிடைத்ததே என்று வாதிடலாம். அது உண்மை. ஆனால் அவர்களைத் தேர்ந்தெடுத்தது அவர்களைக் காப்பதற்காக அன்று. வேறு இரண்டு குழந்தைகளைக் காப்பதற்காக.

அப்படியானால் மேரி மாண்டேகுவே உயர்ந்தவளா? தன் பிள்ளையை முன்னால் நிறுத்திய துணிவு பெரிதுதான். ஆயினும் துருக்கியில் எத்தனையோ பெயர் தெரியாத தாய்மார்களின் குழந்தைகள் குத்திக்கொண்டு பிழைத்ததைப் பார்த்த பிறகே அவளுக்கு அந்தத் துணிவு வந்தது. எந்த மருந்துக்கும் யாரோ ஒருவர் முதலில் கையை நீட்டித்தான் ஆகவேண்டும். பின்னால் வருகிற நாம் எல்லோரும் அவருக்குக் கடன்பட்டவர்கள்.

எத்தனை பேரை முன்னால் அனுப்பினாலும் ஆபத்து முழுவதும் விலகிவிடுவதில்லை. ஜேம்ஸ் ஜூரின் என்ற அறிஞர் அந்த நாளில் கணக்கெடுத்தார். தானாக அம்மை கண்டவர்களில் ஐந்தாறு பேருக்கு ஒருவர் இறந்தார். குத்திக்கொண்டவர்களில் ஏறக்குறைய ஐம்பதுக்கு ஒருவர். அந்த ஒருவர் அரண்மனையிலும் பிறக்கக்கூடும். கரோலினின் பேரன் மூன்றாம் ஜார்ஜ் மன்னரான பிறகு, 1783-இல், அவருடைய நான்கு வயது மகன் ஆக்டேவியஸ் அம்மை குத்திய சில நாட்களில் இறந்தான்.

ஆகவே, முதலில் யார் பிள்ளை என்று கேட்பதோடு நின்றுவிடக் கூடாது. முதலில் போனவரை உண்மையாகக் கேட்டார்களா? அவரால் கிடைத்த நன்மை அவர் தெருவுக்குத் திரும்பி வந்ததா? இந்த இரண்டும் சேர்ந்ததே நியாயம். அன்று கேட்கவும் இல்லை. நன்மை உடனே திரும்பவும் இல்லை. பல ஆண்டுகள்வரை அம்மை குத்துவது பெரும்பாலும் வசதியுள்ள வீட்டுப் பாதுகாப்பாகவே இருந்தது. 1796-இல் ஜென்னர் கண்ட பசு அம்மைப் பாலும் முதலில் ஒரு தொழிலாளியின் எட்டு வயது மகன் கையில்தான் ஏறியது. அது உலகின் கடைசித் தெருவரை போய், பெரியம்மை ஒழிந்தது என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது 1980-இல். செயின்ட் ஜேம்ஸ் அநாதைகளின் கடன் தீர இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயின.

ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். கரோலின் ஊரார் பிள்ளையைச் சோதித்துத் தன் பிள்ளையைக் காத்தாள். அவளைக் கொடியவள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை; அந்த இடத்தில் நின்றால் நம்மில் பலர் அதையே செய்திருப்போம். ஆனால் இன்று நம் குழந்தையின் கையில் ஊசி ஏறும்போது, அதற்கு முன் கையை நீட்டிய யாரோ ஒரு குழந்தை உண்டு. அந்தக் குழந்தைக்கும் அதே ஊசி, அதே மருந்து, அதே மருத்துவர் கிடைக்கும்வரை நாமும் கொஞ்சம் அரண்மனையில்தான் இருக்கிறோம்.