நீங்க போங்க தம்பி

படகில் ஏறுவதற்கு முன்னால் ஒரு படிவம் கொடுத்தார்கள். பெயர், வயது, ரத்தப் பிரிவு, அவசரத்துக்கு யாரை அழைப்பது, இதய நோய் உண்டா, நீச்சல் தெரியுமா. கடைசியில், எனக்கு என்ன ஆனாலும் அதற்கு நானே பொறுப்பு என்று ஒரு பத்தி. வேலையில் தினமும் பார்க்கிற 'ஐ அக்ரீ' பெட்டியைப் போல அதையும் படிக்காமலே கையெழுத்துப் போட்டேன். நீச்சல் தெரியுமா என்ற இடத்தில் மட்டும் பேனா நின்றது. 'தெரியாது' என்று எழுதினேன். வழிகாட்டி எட்டிப் பார்த்துவிட்டு, "பர்வாலேது சார், பிகினர்ஸ்க்குத்தான் இது" என்றார். அவருக்கு இருபத்தைந்து வயது இருக்கலாம். அலுவலகமாக இருந்தால் 'அவன்' என்றுதான் சொல்லியிருப்பேன். அன்று காலை என் உயிர் அவர் கையில் இருந்ததால் 'அவர்'.

இடம் கண்டிக்கோட்டா. ஆந்திராவில், கடப்பா மாவட்டத்தில், ஜம்மலமடுகுக்குப் பக்கத்தில் இருக்கிறது. 'கண்டி' என்றால் தெலுங்கில் மலையிடுக்கு. எர்ரமலைக் குன்றுகளைப் பெண்ணாறு அறுத்துக்கொண்டு போன இடுக்கின் விளிம்பில் பெம்மசானி நாயக்கர்களின் கோட்டை நிற்கிறது. 1652-இல் கோல்கொண்டாவின் மீர் ஜும்லா அதைப் பிடித்தார். கோட்டைக்குள் ஒரு மாதவராயர் கோவில், ஒரு ஜாமியா மசூதி, ஒரு தானியக் களஞ்சியம். சுற்றிலும் ராயலசீமையின் காய்ந்த செம்மண், முட்செடி. அதன் நடுவில் பாறையைப் பிளந்தது போல பச்சைத் தண்ணீர். இன்ஸ்டாகிராமில் இதை 'இந்தியாவின் கிராண்ட் கேன்யன்' என்கிறார்கள். எதையும் அமெரிக்காவில் இருக்கிற ஒன்றின் பெயரால் சொன்னால்தான் நமக்கு லீவு போட மனம் வருகிறது.

தாம்பரத்திலிருந்து நண்பர்கள் நான்கு பேர் காரில் போனோம். வண்டலூரில் வெளிவட்டச் சாலை ஏறினால் கொஞ்ச தூரத்திலேயே முடிச்சூர், வரதராஜபுரம். அந்த இடத்தைக் கடக்கும்போது நான் போனைப் பார்த்துக்கொண்டிருப்பது வழக்கம். அன்றும் அப்படித்தான்.

கயாக் ஓட்டுவது நான் நினைத்ததைவிட எளிது. துடுப்பின் இரண்டு முனையிலும் தட்டை இருக்கும். வலது, இடது என்று மாற்றி மாற்றித் தள்ளினால் போதும். கையால் இழுக்காதீர்கள், இடுப்பைத் திருப்புங்கள் என்றார் வழிகாட்டி. துடுப்பைப் பார்க்காதீர்கள், போக வேண்டிய இடத்தைப் பாருங்கள் என்றார். கவிழ்ந்தால் என்ன செய்வது என்பதைக் கரையிலேயே சொல்லிக் கொடுத்திருந்தார்: படகை விடாதே, காலை மேலே தூக்கி மல்லாந்து மித, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அரைமணி நேரம் கழித்து நான் கவிழ்ந்தேன். பாறைச் சுவரைப் படம் எடுக்கத் திரும்பியதுதான் காரணம், வேறு ஒன்றுமில்லை. தண்ணீர் மூக்கில் ஏறியது. லைஃப் ஜாக்கெட் காதுவரை தூக்கியது. காலைத் தூக்கினேன், மிதந்தேன். இரண்டு பக்கமும் சிவந்த பாறை அடுக்குகள், நடுவில் ஒரு கீற்று வானம். வழிகாட்டி வந்து என் படகின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டார், நான் மீன் மாதிரி வழுக்கி மேலே ஏறினேன். நண்பர்கள் கைதட்டினார்கள். எனக்குப் பயமே வரவில்லை.

பயம் வராததுதான் என்னைத் தொந்தரவு செய்தது. தண்ணீரில் எனக்குப் பயம் வந்த நாள் ஒன்று உண்டு. 2015 டிசம்பர் 2.

அன்று காலை எட்டரை மணியோடு முடிந்த இருபத்து நான்கு மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பெய்திருந்தது. முடிச்சூரில் எங்கள் வீட்டின் கீழ்த்தளம் முழுக்கத் தண்ணீர். செம்பரம்பாக்கத்தைத் திறந்துவிட்டதால்தான் எல்லாம் என்று இன்றும் பலர் சொல்வார்கள். அந்த உபரி நீர் அடையாற்றில் சேர்வது திருநீர்மலைப் பக்கம், எங்களுக்குக் கீழே. எங்களை மூழ்கடித்தது ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழிந்த தண்ணீர். மின்சாரமும் இல்லை, போனும் இல்லை. மொட்டைமாடியில் அப்பா, அம்மா, நான். எதிர் வீட்டு மொட்டைமாடியில் ஒரு பாட்டி, தனியாக, ஒரு கறுப்புக் குடையோடு. எழுபத்தெட்டு வயது. மகன் வெளிநாட்டில்.

மதியத்துக்குமேல் ஒரு ஃபைபர் படகு வந்தது. கடற்கரையிலிருந்து லாரியில் ஏற்றிக் கொண்டுவந்த மீன்பிடிப் படகு. இரண்டு மீனவர்கள். எந்தக் குப்பம் என்று கேட்கவில்லை, பெயரும் கேட்கவில்லை. படகில் ஏற்கெனவே ஆட்கள். அப்பாவும் அம்மாவும் ஏறிய பிறகு, "இன்னும் ஒரே ஒரு ஆளுதாண்ணா, சீக்கிரம் சொல்லுங்க, இழுப்பு ஜாஸ்தியா இருக்குது" என்றார் ஒருவர். நான் எதிர் மாடியைப் பார்த்தேன். பாட்டி கையை ஆட்டி, "நீங்க போங்க தம்பி, நான் அடுத்ததுல வரேன்" என்றார்.

நான் ஏறினேன்.

அடுத்த படகு மறுநாள் காலைதான் அந்தத் தெருவுக்குப் போனது. பாட்டி இரவு முழுவதும் மாடிப்படியில் உட்கார்ந்திருந்திருக்கிறார். ஒன்றும் ஆகவில்லை. அதற்குப் பிறகு மூன்று வருஷம் நன்றாகவே இருந்தார். என்னைப் பார்க்கும்போதெல்லாம் "சாப்ட்டியாப்பா" என்று கேட்பார். அந்த நாளைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. நானும் பேசவில்லை.

'நீங்க போங்க' என்பது தமிழில் என்ன மாதிரியான வாக்கியம் என்று பத்து வருஷமாக யோசிக்கிறேன். நம் வீடுகளில் சில வாக்கியங்கள் மறுக்கப்படுவதற்காகவே சொல்லப்படுகின்றன. 'நீங்க சாப்டுங்க, நான் அப்புறம் சாப்டுறேன்', 'எனக்கு எதுக்குப்பா புடவை', 'ஆட்டோ வேணாம், நடந்தே போயிடுவேன்'. சொல்பவருக்கும் கேட்பவருக்கும் இலக்கணம் தெரியும். இரண்டு முறை மறுத்து, மூன்றாவது முறை வற்புறுத்தலுக்கு இணங்குவது என்பது அதன் ஒழுங்கு. பாட்டி தன் பங்கைச் சரியாகச் சொன்னார். அடுத்த வரி என்னுடையது. 'இல்ல பாட்டி, நீங்க வாங்க' என்று சொல்லியிருக்க வேண்டும். நானோ கம்பைலர் மாதிரி, எழுதியிருந்ததை அப்படியே எடுத்துக்கொண்டேன். அவர் சம்மதித்தார், நான் ஏறினேன், எங்கும் பிழை இல்லை.

இதற்கு எதிராக வாதிடவும் முடியும். வாதிட்டும் இருக்கிறேன். அவரை எதிர் மாடியிலிருந்து இறக்கிப் படகில் ஏற்ற நேரம் பிடித்திருக்கும், தண்ணீர் இழுத்துக்கொண்டிருந்தது, எனக்கு நீச்சல் தெரியாது, அவருக்கும் தெரியாது, என் பெற்றோருக்கு நான் ஒரே பிள்ளை. எல்லாம் உண்மை. ஏறிய அந்த விநாடியில் இவற்றில் ஒன்றுகூட என் மனத்தில் இல்லை என்பதும் உண்மை. அப்போது இருந்தது ஒரு நிம்மதி மட்டும். அவரே சொல்லிவிட்டார் என்ற நிம்மதி.

பீட்டர் சிங்கர் 1971-இல், வங்காள அகதிகளை மனத்தில் வைத்து எழுதி அடுத்த வருஷம் வெளியிட்ட கட்டுரையில் ஒரு குளம் வருகிறது. ஆழமில்லாத குளம். அதில் ஒரு குழந்தை மூழ்குகிறது. இறங்கித் தூக்கினால் நம் உடை சேறாகும், அவ்வளவுதான் இழப்பு. அப்படியானால் தூக்காமல் போவது எப்படிச் சரியாகும்? அங்கிருந்து அவர் தூரத்து நாடுகளின் பசிக்குப் போகிறார். வாதம் பலமானது. ஆனால் அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் குளத்தின் ஆழம்தான் உறுத்தும். முடிச்சூரில் இறங்கினால் உடை மட்டும் கெடாது. ஆழமில்லாத குளத்தைத் தேர்ந்தெடுத்தால் விடை தெளிவாக வரும். தண்ணீர் தலைக்குமேல் போன பிறகு தத்துவம் சொல்வது எதுவும் அவ்வளவு தெளிவாக இல்லை.

அரிஸ்டாட்டிலிடம் வேறு ஒன்று கிடைத்தது. வீரத்தைப் பற்றிப் பேசும்போது அவர் மாலுமிகளை எடுத்துக்கொள்கிறார். புயலில் அவர்கள் நம்பிக்கையோடு இருப்பதற்குக் காரணம் அனுபவம். பிழைக்கிற வழி அவர்களுக்குத் தெரியும். உண்மையான வீரன் அதே புயலில் பிழைப்போம் என்ற நம்பிக்கை இல்லாமலே கலங்காமல் இருக்கிறான். கண்டிக்கோட்டாவில் எனக்கு மாலுமியின் அனுபவமும் இல்லை. அந்த அனுபவத்தை இரண்டு மணி நேரத்துக்கு வாடகைக்கு எடுத்திருந்தேன். 'பிகினர்ஸ்க்குத்தான் இது' என்பதன் பொருள் அதுதான்.

அதோடு இன்னொன்றும் சேர்ந்திருந்தது என்று பிறகு தோன்றியது. அந்த மலையிடுக்கில் யாருக்கும் நான் தேவைப்படவில்லை. சாகசப் பயணத்தில் அபாயத்தைக் குறைக்கிறார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். முதலில் குறைப்பது மற்றவர்களை. எனக்குப் பக்கத்து மாடியில் யாரும் நிற்பதில்லை. கவிழ்ந்தால் நான் மட்டும் கவிழ்கிறேன், ஏறினால் எனக்கான இடத்தில் ஏறுகிறேன். வாழ்க்கையில் எந்த அபாயம் அப்படி வருகிறது? வெள்ளமும் தீவிபத்தும் ஆஸ்பத்திரி வராந்தாவும் ஆட்களோடு சேர்ந்துதான் வருகின்றன. ஆபீஸில் ஆட்குறைப்பு வந்தாலும் பக்கத்து இருக்கையில் ஒருவர் இருக்கிறார். புறநானூற்று 192-ஆம் பாட்டின் முதல் வரியை டி-ஷர்ட்டில் போடுகிறோம். அதன் நடுவில் ஆற்றோடு போகிற ஒரு மிதவை வருவதை அதிகம் பேசுவதில்லை. அந்த மிதவையில் எத்தனை பேர் என்று புலவர் சொல்லவில்லை. நான் அதை எப்போதும் ஒற்றை ஆளின் மிதவையாகவே கற்பனை செய்து வந்திருக்கிறேன். வசதியான கற்பனை.

படகை இழுத்துக் கரையில் போட்ட பிறகு வழிகாட்டியோடு டீ குடித்தேன். ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கம்பெனியில் இரண்டு வருஷம் வேலை பார்த்தவர். அங்கே கற்ற தமிழ். ஊர் எது என்றேன். கையை மேற்கே காட்டினார். "கொண்டாபுரம் பக்கம் சார். இப்ப தண்ணிக்குள்ள இருக்கு."

கோட்டைக்குக் கீழே நாங்கள் துடுப்புப் போட்டது மைலவரம் அணையில் தேங்குகிற தண்ணீர். அதற்கு மேலே கண்டிக்கோட்டா நீர்த்தேக்கம் இருக்கிறது, 26.85 டி.எம்.சி. கொள்ளளவு. பெண்ணாற்றில் அவ்வளவு தண்ணீர் ஏது? ஸ்ரீசைலத்திலிருந்து கிருஷ்ணா நீர் காலேறு-நகரி திட்டத்தின் கால்வாய்கள் வழியாக அங்கே வருகிறது. 2020-இல் நீர்மட்டத்தை உயர்த்தியபோது தாள்ளபுரொத்துட்டூர் மக்கள் வெளியேற மறுத்துப் போராடினார்கள். பிறகு ஊர் மூழ்கியது. சென்னைக்கு இதில் சம்பந்தம் இல்லை என்று சொல்ல முடியுமா, தெரியவில்லை. 1983 ஒப்பந்தத்தின்படி 1996-இல் பூண்டிக்கு வந்து சேர்ந்த கிருஷ்ணா நீரும் அதே ஸ்ரீசைலத்தில் புறப்பட்டு, பெண்ணாற்றின் மீதுள்ள சோமசிலா வழியாகத்தான் வருகிறது. தண்ணீர் ஒன்று, கால்வாய் வேறு.

அமெரிக்கப் பாலைவனத்திலும் இதே கதைதான். ஹூவர் அணைக்குக் கீழே கொலராடோ ஆற்றின் பிளாக் கேன்யனில், நீச்சல் தெரியாதவர்களையும் கயாக்கில் அழைத்துப் போகிறார்கள். ஆறு அங்கே அடங்கிப் போவதற்கு மேலே இருக்கிற அணை காரணம். அந்த அணையின் நீர்த்தேக்கத்தில் செயின்ட் தாமஸ் என்ற ஊர் 1938-இல் மூழ்கியது. ஒரு ஆறு என்னைப் போன்றவனுக்கு ஏற்றதாக ஆவதற்கு முன்னால், எங்கோ யாரோ 'நீங்க போங்க' என்று சொல்ல வேண்டியிருக்கிறது. சொல்லாவிட்டாலும் சொன்னதாக எடுத்துக்கொள்கிறார்கள்.

வழிகாட்டியிடம், உங்கள் ஊரை மூழ்கடித்த தண்ணீரிலேயே வேலை செய்வது எப்படி இருக்கிறது என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. கட்டுரை எழுதுகிறவனின் கேள்வி அது. அவருக்கு அடுத்த குழு காத்திருந்தது. பதிலாக, கவிழ்கிறவர்களைத் தூக்கும்போது உங்களுக்குப் பயமாக இருக்காதா என்றேன். "எனக்கு இல்ல சார்" என்றார். "உங்கள எண்ணிக்கிட்டே இருப்பேன். ஏழு பேரு போனா ஏழு தலை தெரியணும். எண்ணிக்கிட்டே இருந்தா பயத்துக்கு டைம் இல்ல." பிறகு, கூகுளில் ரிவ்யூ போடும்போது தன் பெயரையும் சேர்த்து எழுதச் சொன்னார். எழுதினேன். ஐந்து நட்சத்திரம்.

அந்த இரண்டு மணி நேரத்தில் பாறைச் சுவரையும் வானத்தையும் என்னையும் பார்த்தேன். எங்கள் குழுவில் எத்தனை பேர் என்பதே அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். முடிச்சூர்ப் படகில் பின்னால் நின்றவரும் எண்ணிக்கொண்டுதான் இருந்திருப்பார். இறங்கும்போது அப்பா ஈர நோட்டுகளை நீட்டினார். அவர் வாங்கவில்லை. படகைத் திருப்பும் அவசரத்தில் எங்களைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது முடிச்சூர் தெருக்களில் மறுபடி படகுகள் போயின. நாங்கள் அதற்குள் சேலையூரில் மூன்றாவது மாடிக்கு வந்துவிட்டோம். போனில்தான் பார்த்தேன்.

கண்டிக்கோட்டாவிலிருந்து திரும்பிய இரவு, படங்களை அம்மாவிடம் காட்டினேன். கவிழ்ந்ததைச் சொன்னபோது திட்டினாள். பிறகு, இத்தனை வருஷத்தில் முதல் முறையாக, பாட்டி பேச்சை நானே எடுத்தேன். அன்றைக்கு நான் ஏறியிருக்கக் கூடாது என்றேன்.

அம்மா கொஞ்ச நேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நீயா எங்கடா ஏறின? நான்தான் கையப் புடிச்சு இழுத்தேன்" என்றாள். "அந்தம்மாவுக்கும் தெரியும் அது. அதுக்கப்புறம் ரெண்டு தடவ அவங்க வீட்டுக்குப் போய் சொல்லிட்டும் வந்தேன்."

அம்மா இழுத்ததாக எனக்கு ஞாபகமில்லை. படகின் விளிம்பு வழுக்கியது ஞாபகம் இருக்கிறது. குடை ஞாபகம் இருக்கிறது. கையில் யாராவது பிடித்தார்களா என்று எவ்வளவு யோசித்தாலும் வரவில்லை.