தேவை எங்கே நிற்கிறது?

ஆசையை அறுக்கச் சொன்ன பௌத்தமும் துறவிக்கு உடை, உணவு, உறைவிடம், மருந்து ஆகிய நான்கையும் அனுமதித்தது. அப்படியானால் தேவையை ஆசையிலிருந்து பிரிப்பது எது? நிறைந்ததும் நின்றுவிடுவது தேவை என்பேன். வீடியோ எடிட்டிங் செய்யும் கணினியில் இதை அளந்தே பார்க்கலாம். 8 ஜிபி ரேமில் 4கே காட்சிகளைத் தொகுத்தால், இடம் போதாமல் தரவு டிஸ்க்குக்குத் தள்ளப்படுகிறது. காட்சி திக்கித் திக்கி ஓடுகிறது. அந்த டிஸ்க் நொடிக்குச் சுமார் 150 எம்பி மட்டுமே படிக்கும் பழைய ஹார்டு டிஸ்க்காக இருந்தால் இன்னும் மோசம். ரேமை 32 ஜிபி ஆக்கி எஸ்எஸ்டியும் போட்டால் இந்தத் திணறல் பெரும்பாலும் தீரும். வேலைக்கான தரவு முழுதும் ரேமில் அடங்கியபின் 128 ஜிபி போட்டாலும் வேகம் கூடுவது அரிது.

நாளை 8கே வந்தால் இந்த எல்லை நகராதா என்று கேட்கலாம். நகரும், நியாயமாகவே. ஆனால் அதை நகர்த்துவது வேலையா, விளம்பரமா என்பதே கேள்வி. தொகுப்பு நடக்கும்போது டாஸ்க் மேனேஜரில் ரேம் நிரம்புகிறதா என்று பார்த்தாலே அது தெரிந்துவிடும்.